பட்டறையும் பேரேடும்

மெக்கானிக்கல் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, "கணக்கு வழக்கெல்லாம் பி.காம். பசங்க வேலைடா" என்று சிரித்தவர்களில் அடியேனும் ஒருவன். வேலைக்குப் போய் முதல் எஸ்டிமேட் போட்டபோதுதான் அந்தச் சிரிப்பு அடங்கியது.

இந்தப் பாடம் பழையது. 1886 மே மாதம், சிகாகோவில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் கூடியது. பூட்டுத் தொழிற்சாலை நடத்திய ஹென்றி டவுன் அங்கே ஒரு கட்டுரை வாசித்தார். பட்டறை நிர்வாகமும் பொறியியலுக்குச் சமமானது, அதையும் பொறியாளர்தான் கற்கவேண்டும் என்றார்.

அந்த வழியில் வந்தவர் ஃபிரெடரிக் டெய்லர். 1883-ல் ஸ்டீவன்ஸ் கல்லூரியில் இயந்திரவியல் பட்டம் பெற்றவர். ஸ்டாப்வாட்ச் வைத்து வேலையை அளந்தார். 1911-ல் 'அறிவியல் மேலாண்மைக் கோட்பாடுகள்' நூல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வாட்டர்டவுன் ராணுவத் தளவாடச் சாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள், "எங்களை அளக்காதே" என்று வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். விவகாரம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைவரை போனது. நேரத்தை அளந்தவர்கள் ஆளைக் கேட்க மறந்தார்கள், அவ்வளவுதான்!

1988-ல் எம்.ஐ.டி. இரண்டையும் முதுநிலையில் முறையாக இணைத்தது: இரண்டே ஆண்டில் பொறியியலில் ஒரு பட்டம், மேலாண்மையில் ஒரு பட்டம்.

தம்பி தங்கைகளே, மேற்படிப்பில் இரண்டையும் சேர்த்தே படியுங்கள். ஆனால் செலவுக் கணக்கைத் திறக்கும் முன் லேத் அருகே நிற்பவரிடம் நாலு வார்த்தை பேசுங்கள். வாட்டர்டவுன் சொல்லிக்கொடுத்த பாடம் அது.