பறங்கிப்பட்டை முதல் பென்சிலின் வரை



தெமட்டகொடையிலிருந்து பேஸ்லைன் வீதி வழியே தெற்கு நோக்கிச் சென்றால், பொரளைப் பகுதியிலே மருத்துவ ஆராய்ச்சி நிலையம் நிற்பதைக் காணலாம். மேற்கே மருதானைப் பக்கம் திரும்பினால், டி சேரம் பிளேஸ் என்னும் சிறு வீதியிலே பாலியல் நோய்களுக்கான அரசாங்கத்தின் தலைமைச் சிகிச்சை நிலையம் அமைந்துள்ளது. எஞ்சின் கொட்டகையிலே வேலை செய்வோரும், கால்வாய்க் கரைகளிலே குடியிருப்போரும், வாடகை அறைகளில் தங்கிப் பட்டணத்திலே தொழில் பார்ப்போரும் நிறைந்த தெமட்டகொடைக்கு இவ்விரண்டு இடங்களும் எட்டாத் தொலைவில் இல்லை. ஆயினும், மறைவான நோய் ஒன்று கண்டபோது அந்தச் சிறு வீதிக்குச் செல்வதிலும் பார்க்க, அறிமுகமில்லாத ஒரு மருந்துக் கடையிலே தாழ்ந்த குரலிலே நான்கு குளிசை கேட்டு வாங்குவதே எளிது என்று எண்ணுவோர் எக்காலத்திலும் உளர். அவ்வெண்ணம் எங்கிருந்து பிறந்தது, அதனால் மருத்துவ உலகம் எவ்வெம்மருந்துகளை இழந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

நோயின் பெயரிலிருந்தே தொடங்குவோம். பறங்கியர் என்பது நம் முன்னோர் போர்த்துக்கேயருக்கு வழங்கிய பெயர். அவர்கள் கீழ்த்திசைக் கடல்களிலே புகுந்த பின்னர், உடலெங்கும் புண்ணாகும் நோய்க்குப் பறங்கி நோய் என்றே தமிழரும் சிங்களவரும் பெயரிட்டனர். பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த பாவப்பிரகாசம் என்னும் வடமொழி வைத்திய நூலும் ‘பிரங்க ரோகம்’ என்றே அதனைக் குறித்தது. இதிலே நாம் மட்டும் தனித்து நிற்கவில்லை. இத்தாலியர் இதனைப் பிரெஞ்சுக்காரரின் நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நகரத்தார் நோய் என்றனர். உருசியர் போலந்துக்காரர் மேல் சுமத்தினர். தம் வீட்டு நோயை அயலான் வீட்டு வாசலிலே கொண்டுபோய் வைப்பதில் எல்லா நாட்டாரும் ஒற்றுமையுடையவர்களாகவே இருந்திருக்கின்றனர்!

அந்நோய்க்கு நம் நாட்டு வைத்தியர்கள் பயன்படுத்திய மூலிகைக்கும் பறங்கிப்பட்டை என்றே பெயர். அது சீன தேசத்துக் கொடி ஒன்றின் கிழங்கு. கோவாவிலே வாழ்ந்த கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துக்கேய வைத்தியர் 1563ஆம் ஆண்டிலே வெளியிட்ட தமது நூலில் இக்கிழங்கைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். அதனோடு இரசமும் இரசகற்பூரமும் சேர்ந்தன. ஐரோப்பாவிலும் பாதரசமே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அரசோச்சியது. பல் ஆடி விழ, வாயிலே எச்சில் ஒழுக, நோயாளி பட்ட பாடு நோயின் பாட்டிலும் பெரிது.

இத்தனை காலம் இம்மருந்துகளை மக்கள் நம்பியதற்குக் காரணம் என்ன? இதனைச் சற்று நின்று கவனித்தல் வேண்டும். சிபிலிசு என்று நாம் இன்று அழைக்கும் நோயின் முதற்புண் வலியற்றது. எந்த மருந்தும் இடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு கிழமைகளுக்குள் அது தானாகவே ஆறிவிடும். சில காலம் கழித்து உடலிலே தடிப்புகள் தோன்றி அவையும் மறையும். பின்னர் பல்லாண்டு காலம் ஒரு குறியுமின்றி உடலினுள்ளே பதுங்கியிருந்து, இருதயத்தையோ மூளையையோ ஒருநாள் தாக்கும். ஆகவே, புண் ஆறிய வேளையிலே நோயாளி எதை உண்டுகொண்டிருந்தானோ அதுவே அவனைக் குணப்படுத்தியதாகப் பெயர் பெற்றது. பாதரசம் அவ்வாறு பெயர் பெற்றது, பறங்கிப்பட்டையும் பெற்றது. இக்காலத்திலே யாரோ சொல்லக் கேட்டு வாங்கி விழுங்கும் இரண்டொரு குளிசைகளும் இதே வழியிலேதான் பெயர் பெறுகின்றன.

நோயின் உண்மையான காரணம் 1905ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. பேர்லினில் சௌடின், ஹொஃப்மன் என்னும் இருவர், திருகாணி போன்ற வடிவுடைய மிக மெல்லிய கிருமியைச் சிபிலிசுப் புண்ணிலே கண்டனர். அதே ஆண்டில், நமது கொழும்பிலே பணியாற்றிய அல்டோ காஸ்டெல்லானி என்னும் இத்தாலிய வைத்தியர், இலங்கைக் கிராமங்களிலே பிள்ளைகளை வருத்திய பறங்கிப் புண்ணிலும் அதனை ஒத்த கிருமியைக் கண்டார். கிராமத்துப் பறங்கி நோய், தோலோடு தோல் படுவதால் பரவுவது, பாலுறவால் வருவதன்று. எனினும் உருப்பெருக்கியிலே பார்த்தால் இரண்டு கிருமிகளையும் பிரித்தறிய இயலாது. எத்தனையோ அப்பாவிகள் அதுவரை வீண்பழி சுமந்திருப்பர்.

கிருமி தெரிந்த பின்னர் மருந்து தேடுவது எளிதாயிற்று. 1909ஆம் ஆண்டிலே, ஜேர்மனியில் பவுல் ஏர்லிக் என்பவரின் ஆய்வுகூடத்திலே ஹட்டா என்னும் யப்பானியர், 606ஆம் இலக்க மருந்து இக்கிருமியைக் கொல்வதைக் கண்டார். அடுத்த ஆண்டு அது சல்வர்சான் என்ற பெயரிலே விற்பனைக்கு வந்தது. ஆனால் அது பாஷாணம் கலந்த மருந்து. பின்னாளில் வகுக்கப்பட்ட முறைப்படி கிழமைதோறும் ஊசி ஏற்றிக்கொண்டு ஓராண்டுக்கு மேலாகத் தொடரவேண்டும். புண் ஆறியவுடனேயே நோயாளிகள் பலர் வருகையை நிறுத்திக்கொண்டனர். இதனைக் குற்றமாகச் சொல்லிவிடலாம். ஆயினும் நாட்சம்பளக்காரன் ஒருவன், தன் உடலிலே ஒரு குறியும் இல்லாதபோது, வேலையை விட்டுவிட்டு நஞ்சு ஏற்றிக்கொள்ள ஓராண்டு காலம் நடப்பான் என்று எதிர்பார்த்தவர்கள் மனித இயல்பை அறிந்தவர்கள் என்று நான் கருதவில்லை.

சட்டமும் உதவவில்லை. 1860களிலே பிரித்தானியர் தம் நாட்டிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் தொற்றுநோய்ச் சட்டங்களைக் கொண்டுவந்து, பெண்களை மட்டும் பதிவு செய்து, பலவந்தமாகப் பரிசோதித்து, அடைத்து வைத்தனர். அவர்களிடம் சென்ற ஆடவரை எவரும் பரிசோதிக்கவில்லை. சிகிச்சை நிலையத்தின் வாசலைக் கண்டு அஞ்சும் பழக்கம் அக்காலத்திலேயே வேரூன்றியிருக்க வேண்டும்.

இனிப் பென்சிலினின் வரலாற்றுக்கு வருவோம். 1928இல் ஃபிளெமிங் கண்ட பூஞ்சணத்திலிருந்து, ஒக்ஸ்ஃபோர்ட்டிலே ஃபுளோரியும் செயினும் அவர்தம் துணைவரும் 1940ஆம் ஆண்டளவிலே மருந்தைப் பிரித்தெடுத்தனர். அக்காலத்தில் அது பொன்னினும் அரியது. நோயாளியின் சிறுநீரிலே வெளியேறிய மருந்தையும் மீளப் பிரித்தெடுத்து ஏற்றினார்கள். 1943இல் அமெரிக்காவிலே ஜோன் மஹோனி என்பவர் சிபிலிசு நோயாளர் நால்வருக்கு இம்மருந்தைக் கொடுத்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், எட்டு நாட்கள்: மொத்தம் 48 ஊசிகள், 12 இலட்சம் அலகு. அத்தனை சிரமத்தையும் 1950களின் தொடக்கத்திலே வந்த பென்சதீன் பென்சிலின் நீக்கியது. தசையிலே ஒருமுறை ஏற்றினால் கிழமைக்கணக்கில் மெல்ல மெல்லக் கரையும் இம்மருந்திலே, 24 இலட்சம் அலகு ஒருமுறை ஏற்றுவது தொடக்கநிலைச் சிபிலிசுக்குப் போதுமாயிற்று. நாட்பட்ட நோய்க்குக் கிழமைக்கு ஒன்றாக மூன்று முறை. எண்பது ஆண்டுகள் கடந்தும் சிபிலிசுக் கிருமி பென்சிலினை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. அசித்திரோமைசின் என்னும் குளிசையை எதிர்க்க அதே கிருமி கற்றுக்கொண்டுவிட்டது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

வெட்டை நோய் என்று நம்மவர் அழைக்கும் கொனோரியாவின் கதை முற்றிலும் வேறானது. அதன் கிருமி, தொண்டையிலே வாழும் தன் இனத்துக் கிருமிகளிடமிருந்து எதிர்ப்பாற்றலைக் கடன் வாங்கிக்கொள்ளும் தன்மையுடையது. 1937இல் சல்ஃபா மருந்துகள் அதற்கு வந்தன. 1940களின் நடுப்பகுதியிலே அவை பல இடங்களில் பயனற்றுப் போயின. பென்சிலின் அவ்விடத்தைப் பிடித்தது. ஆரம்பத்திலே ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் அலகு போதுமாயிருந்தது; 1970களில் 48 இலட்சம் அலகு வேண்டியதாயிற்று. 1976இல் பென்சிலினையே சிதைக்கும் கொனோரியாக் கிருமி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிடிபட்டது. அது மேற்கு ஆபிரிக்காவுடனும் கிழக்காசியாவுடனும் தொடர்புடையதாகக் காணப்பட்டது. துறைமுகங்கள் தோறும் அது ஏறி இறங்கியது. அதன்பின் ரெற்றாசைக்கிளின் போயிற்று, சிப்றோஃபுளொக்சசின் போயிற்று. எஞ்சிய செஃப்ற்றியாக்சோன் என்னும் ஊசி மருந்தையும் எதிர்க்கும் கிருமி, 2009இல் யப்பானின் கியோத்தோ நகரிலே ஒரு நோயாளியிடம் கண்டெடுக்கப்பட்டது.

இவ்வாறு நேருமென்று ஃபிளெமிங் முன்னரே எச்சரித்திருந்தார். 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலே, கடையிலே எவரும் பென்சிலின் வாங்கும் காலம் வரலாமென்றும், அறியாதவன் ஒருவன் குறைந்த அளவிலே உட்கொண்டு, கிருமிகளைக் கொல்லாமல் பழக்கிவிடக் கூடுமென்றும் கூறினார். அவர் கற்பனையாகச் சொன்ன மனிதன் பென்சிலினைக் குறைவாக உண்கிறான், பழகிய கிருமி அவன் மனைவிக்குத் தொற்றுகிறது, அவளுக்கு மருந்து பலிக்கவில்லை, அவள் இறக்கிறாள். மருந்து வந்த புதிதிலே, அதனைக் கண்டவரே சொன்ன கதை இது.

இலங்கையிலே நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வைத்தியரின் மருந்துச் சிட்டையின்றி விற்றல் சட்டத்துக்கு மாறானது. ஆயினும் சட்டத்தைவிட, காரணத்தை அறிதல் பயனுடையது. சிறுநீர் எரிவும் சீழும் கண்ட ஒருவனுக்குக் கொனோரியா இருக்கலாம், கிளமிடியா என்னும் வேறொரு கிருமி இருக்கலாம், இரண்டும் சேர்ந்திருக்கலாம், அவற்றோடு சிபிலிசும் ஒளிந்திருக்கலாம். ஒன்றுக்கு உதவும் மருந்து மற்றொன்றுக்கு உதவாது. கிளமிடியாவுக்கு ஏற்ற டொக்சிசைக்கிளின் கருவுற்ற தாய்க்கு ஏற்றதன்று. அரைகுறை மருந்து, நோயைத் தீர்க்காமல் அதன் குறியை மட்டும் அழித்துவிடுவதும் உண்டு. இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்துத் தேர்ந்த வைத்தியராலும் சொல்ல இயலாது. இரத்தமும் சீழும் பரிசோதிக்கப்படல் வேண்டும்.

ஊசி ஏற்றியபின் நேரக்கூடிய இரண்டு நிகழ்ச்சிகளையும் அறிந்திருத்தல் நன்று. சிபிலிசு நோயாளி சிலருக்கு முதல் ஊசியின்பின் ஒருநாளுக்குள்ளே காய்ச்சலும் நடுக்கமும் தலைவலியும் தோன்றும். செத்து மடியும் கிருமிகள் உடலைக் கிளறுவதால் வருவது இது. பாதரச காலத்திலேயே யாரிஷ், ஹேர்க்ஸ்ஹைமர் என்னும் இருவர் இதனைக் கண்டு எழுதியுள்ளனர். பெரும்பாலும் ஒருநாளிலே அடங்கிவிடும். இதனை அறியாதவர்கள் மருந்து நஞ்சாயிற்று என்று அஞ்சி மீண்டும் வராமலே போய்விடுகின்றனர். கருவுற்ற தாய்மார் மட்டும் இவ்வேளையிலே வைத்தியரின் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும். மற்றது பென்சிலின் ஒவ்வாமை. அது மிகச் சிலருக்கே உண்மையாக நேர்வது. நேர்ந்தால் சில நிமிடங்களிலே உயிரைக் குடிக்க வல்லது. மூச்சுத்திணறலும் மயக்கமும் வந்தால் உடனே அதிரினலின் ஏற்றும் வசதி உள்ள இடத்திலேயே பென்சிலின் ஊசி ஏற்றப்படவேண்டும் என்பது இதனாலேயே. முன்னொருமுறை பென்சிலினால் தடிப்போ மூச்சடைப்போ வந்திருந்தால், அதனை மறவாது தாதியிடம் சொல்லுதல் வேண்டும்.

நம் நாட்டிலே இம்மருந்தின் சிறந்த பயனை ஆடவர் சிகிச்சை நிலையங்களிலன்றித் தாய்மார் கிளினிக்குகளிலே காண்கிறோம். தாயின் சிபிலிசு கருவிலுள்ள சிசுவையும் பற்றும்; குழந்தை இறந்து பிறக்கலாம், அல்லது நோயோடு பிறக்கலாம். பிறருக்குத் தெரியாது மறைக்கப்பட்ட நோயின் கூலியைப் பேசத் தெரியாத ஓர் உயிர் கொடுக்க நேர்கிறது. கருவுற்ற ஒவ்வொரு தாயின் இரத்தத்தையும் பரிசோதிக்கும் வழக்கம் இந்நாட்டிலே நிலைபெற்றது. மருத்துவமாது வீடு தேடிச் சென்று பெயர் பதிந்து, தாயைக் கிளினிக்குக்கு வரச் செய்தாள். நோய் கண்டவருக்குப் பென்சதீன் பென்சிலின் இலவசமாக ஏற்றப்பட்டது. 2019 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம், தாயிடமிருந்து சேய்க்குச் சிபிலிசும் எச்.ஐ.வி.யும் பரவுவதை ஒழித்த நாடு என்று இலங்கைக்குச் சான்று வழங்கியது. ஒழித்தல் என்பது இங்கே ஒரு குறித்த அளவு: உயிருடன் பிறக்கும் ஓர் இலட்சம் குழந்தைகளிலே பிறவிச் சிபிலிசு ஐம்பதுக்கு மேற்படாதிருத்தல். அந்த அளவு தவறினால் சான்றும் நில்லாது.

பென்சதீன் பென்சிலின் மிக மலிவானது. மலிவானதனாலேயே அதனைச் செய்வோர் உலகிலே குறைந்தனர்; 2016இல் உலக சுகாதாரப் பேரவை இம்மருந்தின் தட்டுப்பாட்டைப் பற்றிக் கவலை தெரிவிக்க வேண்டியதாயிற்று. கருவுற்ற தாயின் சிபிலிசுக்கு நிச்சயமாக நம்பத்தக்க வேறு மருந்து இன்றுவரை இல்லை. ஒவ்வாமை உள்ள தாய்க்குங்கூட, ஆஸ்பத்திரியிலே வைத்துச் சிறிது சிறிதாகப் பழக்கி, பென்சிலினையே கொடுக்கிறார்கள்.

எனினும் தாய்க்கு ஊசி ஏற்றி அனுப்பினால் மட்டும் போதாது. கணவனுக்கும் சிகிச்சை நடைபெறாவிட்டால் அவள் மீண்டும் நோயுறுவாள். ஆதலினாலேயே கிளினிக்கிலே தாதி, கணவரையும் கூட்டிவரும்படி சொல்கிறாள். டி சேரம் பிளேஸ் நிலையத்திலே பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோயாளியின் விபரம் வெளியே செல்வதில்லை. வேறு வைத்தியரின் கடிதமும் வேண்டியதில்லை. தெமட்டகொடையிலிருந்து நடந்தே போய்விடலாம்.