வீடு வீடாகப் போன பைண்டு

‘பொன்னியின் செல்வன்’ முதல் அத்தியாயம் 1950 அக்டோபர் 29 தேதியிட்ட ‘கல்கி’ இதழில் வந்தது. வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வந்த வந்தியத்தேவனின் கதை 1954 மே மாதத்தில்தான் முடிந்தது. அந்த மூன்றரை ஆண்டுகளும் தமிழ் வீடுகள் பலவற்றில் வாரந்தோறும் இரண்டு காரியங்கள் நடந்தன. யார் முதலில் படிப்பது என்ற போட்டி ஒன்று. எல்லாரும் படித்து முடித்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வரிசை குலையாமல் அடுக்கிவைப்பது இன்னொன்று.

அப்படிச் சேர்ந்த தாள்களைத் தைத்து அட்டை போட்டால் பைண்டு. எந்தக் கடையிலும் புதிதாக விலைக்கு வராத புத்தகம் அது. ஒவ்வொரு பிரதியும் ஒரு வீட்டில் உருவாகி, அந்த வீட்டாரின் கை வாகோடு வெளியே போயிற்று. ‘இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன், பிரமாதமாக இருக்கிறது, நீயும் படி’ என்று தமிழர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இதைவிட நல்ல வழி இருந்ததில்லை என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் பைண்டு பிறந்த இடத்திலிருந்து அது போய்ச் சேர்ந்த இடங்கள்வரை எழுதிவைக்க ஆசை.

தொடர்கதைப் பசியை வளர்த்தது ‘ஆனந்த விகடன்’. எஸ்.எஸ். வாசன் 1928-இல் அந்த இதழை வாங்கினார். ‘பொன்னியின் செல்வ’னை எழுதிய கல்கி அங்கே ஆசிரியராக இருந்த காலத்தில் ‘கள்வனின் காதலி’ தொடராக வந்து வாசகர்களைக் கட்டிப்போட்டது. அடுத்து வந்த ‘தியாக பூமி’யில் ஒரு புதுமை. கே. சுப்பிரமணியம் அதே கதையைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படக்காட்சிகளே ஓவியத்துக்குப் பதிலாகத் தொடரில் அச்சாயின. 1941-இல் கல்கியும் நண்பர் சதாசிவமும் ‘கல்கி’ இதழைத் தொடங்கினார்கள். ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்து எம்.எஸ். சுப்புலட்சுமி ஈட்டிய பணம் அதற்கு முதலாயிற்று. ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ என்று அடுத்தடுத்துத் தொடர்கள் வந்தன. வீடுகளில் தாள்களும் சேர்ந்தன.

தாள்களைச் சேர்ப்பதிலேயே ஒரு நேர்த்தி வேண்டும். வார இதழின் நடுவில் இரண்டு பின் அடித்திருக்கும். அவற்றைக் கத்தி முனையால் நிமிர்த்திக் கழற்றினால் பெரிய தாள்கள் தனித்தனியாக வரும். ஒரு தாளின் பாதியில் தொடர்கதை இருந்தால் மறுபாதியில் சினிமா விமரிசனமோ சமையல் குறிப்போ இருக்கும். மடிப்பில் ஸ்கேல் வைத்துக் கிழிக்க வேண்டும். மடிப்போடு தைக்க வழியில்லாத ஒற்றைத் தாள்களே கடைசியில் மிஞ்சும். ஆகவே பைண்டர் தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கி, இடப்பக்க ஓரமாகக் குத்தூசியால் துளையிட்டு டுவைன் நூலைக் கோத்து இறுக்குவார். மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார். மேலும் கீழும் கனத்த அட்டை, முதுகில் காலிக்கோ துணி, கடைசியாகக் கட்டிங் மெஷினில் மூன்று பக்கமும் ஒரு வெட்டு.

பைண்டு மடியில் வைத்தால் விரிந்து நிற்காததற்கு இந்தப் பக்கத் தையல்தான் காரணம். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடிதான் படிக்க வேண்டும். உள் ஓரத்து எழுத்து தையலுக்குள் போயிருக்கும். அவசரத்தில் வெட்டியிருந்தால் மேல் வரியின் தலையும் போயிருக்கும். படிக்கிறவர்கள் அந்த எழுத்தைத் தாங்களே ஊகித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். கதையின் வேகம் அப்படி.

எங்கள் பெரியம்மாவிடம் ‘தில்லானா மோகனாம்பாள்’ பைண்டு இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஐம்பதுகளின் பிற்பகுதியில் விகடனில் எழுதியது, கோபுலுவின் ஓவியங்கள். முதல் தாளில் பெரியம்மாவின் பெயர், ஊர், அதன்கீழ் ‘படித்ததும் திருப்பித் தரவும்’ என்ற வரி. அதற்குக் கீழே யார் யாரோ வாங்கிப் போன தேதிகள். ஒரு வாரத்து இதழ் கிடைக்காமல் போனதால் அந்த அத்தியாயம் முழுவதையும் கோடு போட்ட நோட்டுத் தாளில் கையால் எழுதிச் சேர்த்திருந்தார். ஓவியம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, உள்ளே கதாநாயகன் பெயரோடு ‘இங்கே சண்முகசுந்தரம் படம்’ என்று குறித்திருந்தார். அந்தத் தாள்களைப் பார்த்த பிறகு ‘வாசகர்’ என்ற சொல்லை என்னால் சாதாரணமாகப் பயன்படுத்த முடிவதில்லை.

பைண்டுக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கத் தெரியாது. “மாமி, ரெண்டாம் பாகம் முடிச்சாச்சா? எங்க வீட்ல எல்லாரும் காத்துண்டிருக்கா” என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும். “இன்னும் நாலு அத்தியாயம்டி, ராத்திரிக்குள்ள குடுத்துடறேன்” என்று பதில் போகும். கல்யாணமாகிப் போகிற பெண்ணின் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு பைண்டு போகும். அவள் போன ஊரில் அதுவே முதல் சிநேகிதத்தைச் சம்பாதித்துக் கொடுக்கும். கண் மங்கிய பாட்டிகளுக்குப் பேத்திகள் உரக்கப் படிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வந்தியத்தேவனை அறிந்தது இந்த வழியில்தான்.

எல்லாத் தொடர்களும் பைண்டாகவில்லை. நன்றாக இல்லாத கதை நாலைந்து வாரங்களில் கைவிடப்பட்டு, பொட்டலம் மடிக்கப் போய்விடும். தாளைச் சேர்ப்பது என்றாலே அடுத்த வாரமும் இது நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை. விற்பனைக் கணக்கு எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைச் சொல்லும். பைண்டு எதைக் கைவிட மனம் வரவில்லை என்பதைச் சொல்லும். எனக்கு இரண்டாவதுதான் இலக்கிய வரலாறு. குமுதத்தில் வந்த சாண்டில்யனின் ‘யவன ராணி’யையும் ‘கடல் புறா’வையும் விமரிசகர்கள் என்ன எடை போட்டாலும் சரி, லதாவின் ஓவியங்களோடு அவை எத்தனை பரண்களில் பத்திரமாக இருந்தன என்பதையும் கணக்கில் வைத்தாக வேண்டும்.

சில எழுத்தாளர்களுக்கு நீண்ட காலம் பைண்டு மட்டுமே புத்தகம். தேவனின் விகடன் தொடர்களில் பெரும்பாலானவை 1957-இல் அவர் மறைந்த பிறகே நூல்களாயின. அதுவரை அவருடைய துப்பறியும் சாம்பு புதிய வாசகரிடம் போய்ச்சேர யாராவது ஒருவர் பின்னைக் கழற்றித் தாளைச் சேர்த்திருக்க வேண்டும்.

அச்சுப் புத்தகத்தில் இல்லாததும் பைண்டில் உண்டு. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அது தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற தலைப்பில்தான் தொடராக வந்தது. அந்தக் காலத்துப் பைண்டை எடுத்தால் கதாநாயகி கங்காவை அந்தப் பழைய பெயருக்குக் கீழேதான் சந்திக்க வேண்டும். சுஜாதா குமுதத்தில் ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்று ஒரு சரித்திரத் தொடர் ஆரம்பித்தார். எதிர்ப்புக் கிளம்பவே சில வாரங்களில் அது நின்றது; பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற பெயரில் புதிதாகத் தொடங்கியது. நின்றுபோன அந்தச் சில வாரங்களைப் பார்க்க வேண்டுமானால் பழைய இதழ்களையோ பைண்டுகளையோதான் தேட வேண்டும்.

கடைசிப் பக்கத்தின் பின்புறத்தையும் மறக்கக்கூடாது. தொடர் அங்கே முடிந்து வேறு ஏதோ தொடங்கியிருக்கும். பாதிச் சிரிப்புத் துணுக்கு, தைல விளம்பரம், வாசகர் கடிதத்தின் வால். கதை எந்தக் காலத்தில், எவற்றுக்கு நடுவில் படிக்கப்பட்டது என்பதற்கு அவை சாட்சி. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு ‘பொன்னியின் செல்வன்’ எத்தனையோ மலிவுப் பதிப்புகளாக வந்துவிட்டது. எல்லார் கைக்கும் கதை கிடைத்தது பெரிய நன்மைதான். ஆனால் அவற்றில் பலவற்றில் தொடருக்கு மணியம் வரைந்த ஓவியங்கள் இல்லை. கதையில் வரும் நந்தினியின் முகத்தை வாரம் ஒரு படமாகப் பார்த்துப் பழகிய வாசகர்கள் படித்த புத்தகம் வேறு.

வீட்டைத் தாண்டிய பைண்டு அடுத்துப் போனது வாடகை நூல்நிலையத்துக்கு. முன்பணம் கட்டிப் புத்தகம் எடுத்துப் படிக்கும் இந்தக் கடைகள் ஊருக்கு ஒன்றிரண்டு இருந்தன. சென்னை கோபாலபுரத்தில் 1955-இல் தொடங்கிய ஈஸ்வரி அவற்றில் பேர்பெற்றது. இத்தகைய கடைகளில் பைண்டு அதிகம் உழைத்தது. மூலைகள் மழுங்கி, ஓரங்கள் எண்ணெய் பட்டுக் கறுத்து, ‘கொலைகாரன் இவன்தான்’ என்று யாரோ பேனாவால் எழுதிக் கெடுத்த பக்கங்களோடு அது ஊரெல்லாம் சுற்றியது.

பிறகு இறங்குமுகம். தாத்தா பாட்டி காலமானார்கள், வீடு மாறியது, பரண் இல்லாத அடுக்குமாடி வந்தது. பைண்டு பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயிற்று. அங்கிருந்து தப்பிய சில, பழைய புத்தகக் கடைகளுக்குப் போயின. சென்னையில் மூர் மார்க்கெட் அவற்றுக்குப் பெரிய புகலிடமாக இருந்தது. 1985-இல் அது தீப்பற்றி எரிந்தபோது என்னென்ன போயின என்று யாராலும் பட்டியல் எழுத முடியாது. திருவல்லிக்கேணி நடைபாதைகளில் மிஞ்சியவற்றைத் தேடித்தேடி வாங்கியவர்கள் இருந்தார்கள்.

அப்படித் தேடியவர்களில் முதன்மையானவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். புத்தகம், வார இதழ், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் கழித்ததையெல்லாம் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் 1994-இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைத்தார்கள். அது இன்று தரமணியில் இயங்குகிறது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் உருவாக்கிய ஞானாலயாவிலும் பழைய இதழ்களுக்கு இடமுண்டு. டொரொன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எஸ். பசுபதி பழைய இதழ்ப் பக்கங்களை ஸ்கேன் செய்து, ஓவியங்களோடு உலகத் தமிழர்களுக்கெல்லாம் இணையத்தில் படிக்கக் கொடுத்தார். பைண்டை இரவல் கொடுத்த மாமிகளின் வேலையைத்தான் அவர் கனடாவிலிருந்து செய்தார் என்று எனக்குத் தோன்றும்.

2020-இல் ‘கல்கி’யின் அச்சு இதழ் நின்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்தபோது, ஐந்து பாகங்களையும் புதிதாக வாங்கிய இளைஞர்கள் ரயிலில் படித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். எத்தனையாவது பாகத்தில் இருக்கிறாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஓர் அசல் பைண்டைக் காட்ட நம்மிடம் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்பதுதான் என் கவலை. அந்தக் காலத்து இதழ்த் தாள் மட்டமானது. பழுப்பேறி, மடித்தால் முறிகிற நிலைக்குப் பல பைண்டுகள் வந்துவிட்டன.

உங்கள் வீட்டுப் பரணிலோ, ஊர் வீட்டு மர அலமாரியிலோ ஒன்று இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அது தாளை இன்னும் கெடுக்கும். வெயிலில் காயவைக்காமல் நிழலில் தூசு தட்டுங்கள். யார் சேர்த்தது, எந்த ஊர், யார் யார் படித்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தனித் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். நீங்கள் ஒருமுறை படியுங்கள். படித்ததை நாலு பேரிடம் சொல்லுங்கள். கேட்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் தரமணிக்கோ புதுக்கோட்டைக்கோ எழுதிக் கேளுங்கள்.