தாத்தா எங்கே பிறந்தார்?

சமூகக்கல்வியும் வரலாறும் பாடத்தில் அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்த நாள் என் வகுப்புத் தோழியருக்கு ஞாபகம் இருக்கக்கூடும். 1776 ஆம் ஆண்டுப் பிரகடனத்தில் மனிதர் எல்லோரும் சமம் என்று எழுதப்பட்டிருப்பதை ஆசிரியை விளக்கிக்கொண்டிருந்தார். பின் வாங்கிலிருந்து ஒருத்தி, "அப்ப அடிமைங்க, டீச்சர்?" என்று கேட்டாள். "அவங்களக் கணக்குல எடுக்கல" என்றார் ஆசிரியை. மணி அடித்துவிட்டது.

அந்தப் பதில் நமக்கும் பொருந்தும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்கா அவ்வளவு தூரத்தில் இருந்தது. உண்மையில் அவ்வளவு தூரமில்லை. 1837 இல் இலங்கை வந்து இம்மலைகளில் கோப்பித் தோட்டத் தொழிலை நிலைநிறுத்திய டைட்லர் என்ற துரை, அத்தொழிலைக் கற்றது ஜமைக்காவில். அங்கே அடிமைகள் விடுதலை பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. இங்கே தோட்டங்களுக்கு ஆட்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். அடிமைத்தனம் வேறு, நம் முன்னோரைக் கட்டிப்போட்ட துண்டுக் கடன் வேறு. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது வாக்குரிமை பற்றி.

ஐக்கிய அமெரிக்காவில் 1870 ஆம் ஆண்டுத் திருத்தம், இனத்தையோ நிறத்தையோ காட்டி வாக்கை மறுக்கக்கூடாது என்றது. ஆகவே தென் மாநிலங்கள் நிறத்தைப் பற்றிப் பேசாமலே காரியத்தை முடித்தன. லூசியானாவில் 1898 இல் எழுத்தறிவுக்கும் சொத்துக்கும் நிபந்தனை விதித்தார்கள். ஆனால் 1867 ஜனவரி முதலாந் திகதி உன் தகப்பனுக்கோ தாத்தாவுக்கோ வாக்கு இருந்திருந்தால் உனக்கு அந்த நிபந்தனை இல்லை. அந்தத் திகதியில் அங்கே கறுப்பின மக்கள் எவருக்கும் வாக்கு இருக்கவில்லை. 1896 இல் 130,000 க்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர் தொகை 1904 இல் 1,342 ஆயிற்று. சட்டத்தில் கறுப்பு என்ற சொல் கிடையாது, தாத்தா மட்டும்தான்.

இலங்கையில் 1931 இல் டொனமூர் யாப்பின்படி 21 வயது வந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்கு கிடைத்தது. ஜமைக்காவுக்கு அது 1944 இல்தான் வந்தது. தோட்ட மக்களுக்கு வதிவிட நிபந்தனைகள் இருந்தன, ஆயினும் பெரி. சுந்தரம் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்று அமைச்சரானார். 1947 தேர்தலில் 95 ஆசனங்களில் 7 இலங்கை இந்தியன் காங்கிரசுக்குக் கிடைத்தன. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. என் அம்மாயியும் அந்த முறை வாக்களித்தார். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்.

அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தைவழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இங்கும் தமிழர், இந்தியர் என்ற சொல் அந்த விதியில் இல்லை. 1949 இல் பிரஜைகளுக்கே வாக்கு என்றானது. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களும் போயின.

ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் செய்யக்கூடாது என்று சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு தடுத்திருந்தது. கோடகன் பிள்ளை வழக்கில் அதைக் காட்டி வாதாடினார்கள். இலண்டன் கோமறைக் கழகம் 1953 இல், இது எல்லோருக்கும் பொதுவான சட்டந்தானே என்று தள்ளிவிட்டது. அமெரிக்க உயர் நீதிமன்றமோ தாத்தா விதியின் உள்நோக்கத்தை 1915 இலேயே கண்டுபிடித்து அதைச் செல்லாததாக்கியிருந்தது. அங்கே வேறு தந்திரங்கள் 1965 வரை நீடித்தன என்பது உண்மைதான். ஆனாலும் இந்த இரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் தாத்தா இறம்பொடைப் பக்கத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பன் பிறந்தது முசிறிப் பக்கம். அம்மாயியின் தாயும் இங்கே பிறந்தவர்தான், ஆனால் தாய்வழியைச் சட்டம் கேட்கவேயில்லை. (தாய்வழியாகவும் பிரஜாவுரிமை செல்லலாம் என்று இந்நாட்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது 2003 இல். பெண்கள் பாடசாலை மலரில் இதை எழுதாமல் விட முடியாது.) 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது 975,000 பேரின் கணக்கு மேசைக்கு வந்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்க்கலாம். பெரிய மாமா அந்த முதல் கணக்கில் அடங்கி கூடலூருக்குப் போனார். அம்மா இரண்டாவதில். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

வைத்தியராக நான் தினமும் கேட்கும் கேள்வி, "உங்க அப்பாவுக்கு, தாத்தாவுக்கு இந்த வருத்தம் இருந்துச்சா?" என்பது. தோட்டத்து வயதானவர்கள் சிலர் சட்டென்று பதில் சொல்லமாட்டார்கள், முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் பேனையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்பேன்.

அம்மாயி அடுத்த முறை வாக்களித்தது 1994 ஓகஸ்டில், 47 ஆண்டுகளுக்குப் பிறகு. நான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். மை பூசிய விரலை வீடு வரும்வரை சேலைத் தலைப்பில் படாமல் தூக்கியே வைத்திருந்தார். நேரே போய் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றினார்.

அவர் விட்டுப்போன பிஸ்கட் டின் இப்போது என்னிடம் இருக்கிறது. நிராகரிப்புக் கடிதம், பதிவுச் சான்றிதழ், மாமாவின் கடிதங்கள், மடிப்பில் கிழிந்த ஒரு பிறப்புச் சாட்சிப் பத்திரம். உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒன்று இருக்கும். தூக்கிப்போடுவதற்கு முன் ஒரு பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பாடசாலை நூலகத்தில் வைக்கலாம்.