வெயில் கூடினால் பூசணி பெருக்குமா?

உலகத்தின் மிகப் பெரிய பூசணி எங்கே காய்த்திருக்கும் எண்டு கேட்டால், நாங்கள் வெயில் கொளுத்துகிற ஒரு நாட்டைத்தான் நினைப்போம். ஆனால் 125 வருசச் சாதனைப் பட்டியல் வேறு கதை சொல்லுது.

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு 400 இறாத்தல் பூசணி ஒன்று போனது. அதை விளைவித்தவர் வில்லியம் வார்னொக். ஊர் கனடாவின் ஒன்ராரியோவில், ஹியூரன் ஏரிக்கரையில் இருக்கிற கொடெரிச். 1904இல் சென் லூயிஸ் கண்காட்சியில் அவரே 403 இறாத்தல், அதாவது 183 கிலோ காட்டினார். 1976 வரை அதை ஒருவரும் தாண்டவில்லை.

பிறகு வந்தவர் நோவா ஸ்கோஷியாவின் வின்ட்சர் ஊர் விவசாயி ஹவார்ட் டில். பல வருசம் பொறுமையாக இனம் கலந்து 'அட்லாண்டிக் ஜயன்ட்' விதையை உருவாக்கினார். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நாலு முறை உலக வெற்றி அவருக்குத்தான். இண்டைய இராட்சதப் பூசணிகள் கிட்டத்தட்ட எல்லாமே அந்த விதையின் வழிவந்தவை.

இந்த வரலாற்றை வழமையாக விதையின் கதையாகத்தான் சொல்லுவினம். எங்களுக்கு அது பாதிக் கதையாகத்தான் படுது. மற்றப் பாதி வெப்பநிலை.

விதை முளைக்க மண் நல்லாச் சூடாக இருக்க வேணும். 27 முதல் 30 பாகை செல்சியஸ் அதுக்குப் பிடிக்கும். ஆனால் பூக்கிற நேரம் வெயில் 32 பாகையைத் தாண்டினால் மகரந்தம் பலவீனப்படும், பிஞ்சு பழுத்து விழும். மத்தியான வெக்கையில் இலை வாடி, உணவு தயாரிப்பது குறையும். இரவும் புழுங்கினால், பகலில் சேர்த்த சீனியைச் செடி சுவாசித்தே செலவழிச்சுப் போடும். காய்க்குப் போக மிச்சம் குறைவு. வெப்பம் கூடினால் காய் வேளைக்கே முற்றியும் விடும். நல்ல பருவத்தில் ஒரு நாளைக்கு 20 கிலோவுக்கு மேல் ஏறுகிற காய்க்கு இது பெரிய இழப்பு.

அதனால்தான் நீண்ட கோடைப் பகலும் குளிர்ந்த இரவும் உள்ள இடங்கள் முன்னுக்கு வந்தன. 2012இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் 911 கிலோ, 2016இல் பெல்ஜியம் 1,190 கிலோ, 2021இல் இத்தாலியின் டஸ்கனி மலைப்பகுதி 1,226 கிலோ, 2023இல் மினசோட்டா விவசாயி ஒருவர் 1,247 கிலோ. எல்லாமே வடக்கு அகலாங்கு 41க்கும் 51க்கும் இடையில்தான்.

ஆனால் அந்த இடங்களில் கோடை குறுகியது. வசந்தத்தின் உறைபனி நாற்றைக் கொல்லும். ஆகவே வளர்ப்பவர்கள் நாற்றுக்கு மேல் சின்னக் கூடாரம் போட்டு, மண்ணுக்குள் சூடாக்கும் கம்பி புதைச்சு, காலத்தை நீட்டினார்கள். ஆடியில் நிலைமை தலைகீழ்: காய்க்கு மேல் நிழல்துணி, பெண் பூவுக்குப் பக்கத்தில் ஐஸ். 2025இல் 1,278 கிலோவோடு சாதனையை எடுத்த இங்கிலாந்து இரட்டைச் சகோதரர்களின் பூசணி கூடாரத்துக்குள்தான் வளர்ந்தது.

வார்னொக்கின் காலத்தில் ஏரியும் வானமும் தந்த வெப்பநிலையை இண்டைக்குக் காசு குடுத்து உண்டாக்கினம். நல்ல விதை தபாலில் எந்த ஊருக்கும் போகும். குளிர்ந்த இரவு அப்படிப் போகாது. கோடைகள் சூடேறிக்கொண்டு போகிற இந்தக் காலத்தில், அடுத்த சாதனைப் பட்டியலைப் பார்க்கும்போது எடையோடு சேர்த்து, அது திறந்த வெளியில் விளைஞ்சதா, கூடாரத்துக்குள்ளா எண்டும் நாங்கள் கேட்க வேணும்.