நூல்களுக்கு இட்ட வேலி

இணையத்தின் வழியாக நூல் வாங்கும் மாணவர்களுள் பலர் கண்டு சலித்த அறிவிப்பு ஒன்று உண்டு. வேண்டிய நூல் திரையில் தெரிகிறது, விலையும் தெரிகிறது. வாங்க முற்பட்டாலோ, அந்நூல் தங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லை என்று கடை கையை விரித்துவிடுகிறது. கடல் கடந்த செய்தி கணப்பொழுதில் வந்து சேரும் இக்காலத்தில், நூலுக்கு மட்டும் எல்லைக்கோடு எதற்கு என்று சினம் எழுவது இயல்பே. அந்தக் கோட்டை இட்டது கணிப்பொறி அன்று. பதிப்பாளர்களும் சட்டமும் சேர்ந்து இட்ட கோடு அது. அதற்கு வயது ஏறக்குறைய 180 ஆண்டுகள். அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் தௌக்னிட்ஸ் என்னும் பதிப்பாளர், 1841-ஆம் ஆண்டில் ஆங்கில நூல்களை மலிவான பதிப்புகளாக வெளியிடத் தொடங்கினார். ஐரோப்பாவில் பயணம் செய்தோர் அவற்றை விரும்பி வாங்கினர். அந்நாளில் இங்கிலாந்தில் மூன்று பாகங்களாக வெளிவந்த புது நாவலின் விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். மலிவுப் பதிப்பு உள்ளே வந்தால் அந்த விலை நிற்குமா? ஆகவே, பிரிட்டனில் பதிப்புரிமை பெற்ற நூல்களை அயல்நாட்டில் அச்சிட்டு விற்பனைக்குக் கொண்டுவருவதை 1842-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இதுவே வேலியின் முதல் முகம். விலை குறைந்த நூல், விலை மிகுந்த நாட்டுக்குள் புகலாகாது.

வேலிக்கு மற்றொரு முகமும் உண்டு. மாக்மில்லன் பதிப்பகத்தார் 1886-இல் இந்தியாவுக்கும் பிற குடியேற்ற நாடுகளுக்கும் என்றே மலிவுப் பதிப்பு வரிசை ஒன்றைத் தொடங்கினர். அந்நூல்களை இங்கிலாந்தில் விற்க இயலாது. அந்தத் தடை இருந்தமையாலேயே நம் நாட்டு வாசகர்க்கு அவை குறைந்த விலையில் கிடைத்தன. இன்றும் கல்லூரி மாணவர்களின் பாடநூல்கள் பலவற்றில், இப்பதிப்பு இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் மட்டுமே விற்பதற்கு உரியது என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். அதே வேலிதான் அது.

இருபதாம் நூற்றாண்டில் வேலி உலகையே வளைத்தது. 1947-இல் பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அமெரிக்க நூல் ஒன்றின் உரிமையை வாங்கினால், இந்தியா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட ஏறத்தாழ 70 நாடுகளின் விற்பனை உரிமையையும் சேர்த்தே வாங்குவது என்பது அதன் சாரம். இதனால், நியூயார்க்கில் வெளிவந்த நூலை லண்டன் பதிப்பாளர் அச்சிட்டு அனுப்பும் வரையில் சிட்னி நகர வாசகர் காத்திருக்க நேர்ந்தது. அமெரிக்க அரசு 1974-இல் வழக்குத் தொடுத்தது. 1976-இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. பிற்பாடு 1991-இல் ஆஸ்திரேலியா ஒரு சட்டத்திருத்தம் செய்தது. அயல்நாட்டில் வெளியான புதிய நூல் 30 நாட்களுக்குள் அங்கே வெளியிடப்படாவிட்டால், கடைக்காரர் அதனை வெளியிலிருந்து தாமே தருவித்து விற்கலாம் என்று அத்திருத்தம் வழிவிட்டது.

இனி, மாணவர் ஒருவரின் வழக்கைப் பார்ப்போம். தாய்லாந்திலிருந்து 1997-இல் அமெரிக்கா சென்று கணிதம் பயின்றவர் சுபாப் கிர்ட்செங். அமெரிக்காவில் மிகுந்த விலைக்கு விற்ற பாடநூல்களின் ஆசியப் பதிப்புகள் அவர் தாய்நாட்டில் மலிவாகக் கிடைத்தன. உறவினரும் நண்பரும் அவற்றை வாங்கி அனுப்ப, அவர் இணையச் சந்தையில் விற்றார். ஜான் வைலி என்ற பதிப்பகம் 2008-இல் அவர்மீது வழக்கிட்டது. 8 நூல்களுக்காக அவர் 6 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று கீழ் நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று. ஆயினும் 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முறைப்படி அச்சிட்டு விற்கப்பட்ட நூலை, அது எந்நாட்டில் அச்சானதாயினும், வாங்கியவர் மறுபடியும் விற்கலாம் என்று ஆறு நீதிபதிகளின் பெரும்பான்மையால் முடிவு செய்தது.

அவ்வளவில் வேலி வீழ்ந்துவிட்டதா? இல்லை. மின்னூலைப் பணம் கொடுத்துப் பெறுபவர் பெரும்பாலும் படிக்கும் அனுமதியை மட்டுமே பெறுகிறார். அதை மறுபடியும் விற்க இயலாது. ஐரோப்பிய ஒன்றியம், உறுப்பு நாடுகளுக்குள் வாங்குவோரை நாட்டைக் காரணம் காட்டி இணையக் கடைகள் மறுக்கலாகாது என்று 2018 டிசம்பர் முதல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவ்விதியும் மின்னூல்களைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. வாங்குவோர் ஊருக்குப் பொருளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்ற கட்டாயமும் அதில் இல்லை.

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு ஒன்று உண்டு. நாட்டுக்கு நாடு விலை வேறுபடுவது குற்றமன்று. எளிய நாட்டு மாணவனுக்கு அது நன்மையே செய்திருக்கிறது. ஆனால், ஒரு நாட்டில் ஒரு நூலை எந்தப் பதிப்பாகவும், எந்த விலைக்கும் விற்காமல், பிற நாட்டிலிருந்து வரவழைப்பதையும் தடுப்பது வேறு. அந்தத் தடையால் அந்நாட்டில் ஆசிரியருக்கு வருவாய் இல்லை. பதிப்பாளருக்கு ஆதாயம் இல்லை. மாணவனுக்குக் கல்வியும் இல்லை. ஆஸ்திரேலியாவின் 30 நாள் விதி இவ்வேறுபாட்டை அறிந்து செய்த விதி. அச்சுநூலுக்குக் கண்ட அந்த வழியை மின்னூலுக்கும் காண்பதே இனி நம் தலைமுறையின் பணி. நாளை சட்டம் பயிலப் போகும் மாணவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.