பெர்த் முதல் கொக்கல வரை: இரு விடியல்களின் வான்வழி

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியப் படைகளிடம் வீழ்ந்ததோடு, பிரிட்டனையும் ஆஸ்திரேலியாவையும் இணைத்திருந்த வான்வழி நடுவில் அறுபட்டது. அதை மீட்பதற்குக் குவாண்டாஸ் நிறுவனம் மேற்கொண்ட வழி, பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றங்கரையிலுள்ள நெட்லண்ட்ஸில் புறப்பட்டு, எங்கும் இறங்காமல் இந்து சமுத்திரத்தைக் கடந்து, இலங்கையின் தென்கரையில் காலிக்கு அண்மையிலுள்ள கொக்கல ஏரியைச் சென்றடைவதாகும். நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் 'பறக்கும் படகு' வகையைச் சேர்ந்த கட்டலீனா விமானங்களே இச்சேவையில் ஈடுபடுத்தப்பட்டமையால், இரு முனைகளிலும் ஓடுபாதை தேவைப்படவில்லை. ஆயினும் கொக்கலத் தளத்துக்காக அவ்வூர் மக்கள் தம் வீடுகளை இழந்து வெளியேற நேர்ந்தது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பி நிற்கிறது. வான்வழியின் வெற்றியை எழுதும் வரலாறு அக்கிராமத்தின் இழப்பையும் சேர்த்தே எழுத வேண்டும்.

உருண்டையான புவிப்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோடான பெருவட்டப் பாதையில் அளந்தால், பெர்த்துக்கும் கொக்கலவுக்கும் இடையிலான தொலைவு சுமார் 5,650 கிலோமீட்டர் ஆகும். மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் பறந்த கட்டலீனா அத்தொலைவைக் கடக்க, காற்றின் போக்குக்கேற்ப 27 முதல் 33 மணி நேரம் எடுத்துக்கொண்டது. 1943 ஜூன் இறுதியில் தொடங்கிய இச்சேவையில், எதிரி விமானங்கள் நடமாடிய வான்பரப்பை இருளிலேயே கடக்கும்படி புறப்பாட்டு நேரம் வகுக்கப்பட்டதால், பயணிகள் ஒரே பயணத்தில் இருமுறை சூரிய உதயத்தைக் கண்டனர். 'இரட்டைச் சூரிய உதயம்' என்னும் பெயர் அதனாலேயே அமைந்தது. இருப்பிடம் எதிரிக்குப் புலப்படாதிருக்க வானொலித் தொடர்பு தவிர்க்கப்பட்டதால், விண்மீன்களின் உயரக் கோணத்தை அளந்தே வழிகாட்டுநர் திசையறிந்தார். விமானங்களுக்கும் வேகா, ரைஜல், ஸ்பைகா போன்ற விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன.

இத்தனை நீண்ட பயணத்தின் விலை எரிபொருளின் எடையாக வந்தது. சுமார் 9,000 லிட்டர் எரிபொருளை ஏற்றியபின் மூன்று பயணிகளுக்கும் ஏறத்தாழ 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே இடமிருந்தது. அதைவிடக் கொடியது, எரிபொருள் போதிய அளவு தீர்ந்து எடை குறையும்வரை, இரு இயந்திரங்களில் ஒன்று நின்றாலும் விமானத்தால் உயரத்தைத் தக்கவைக்க இயலாது என்பதாகும். அந்த முதற் பல மணி நேரத்தை ஒவ்வொரு முறையும் அறிந்தே கடந்த விமானிகளின் துணிவு, போர்க்களத் துணிவுக்குச் சற்றும் குறைந்ததன்று.

1944இல் நான்கு இயந்திரங்கள் கொண்ட லிபரேட்டர் விமானங்கள் வந்தன. அவை மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலுள்ள லியர்மன்த்திலிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானை வரையிலான சுமார் 4,900 கிலோமீட்டரை ஏறத்தாழ 17 மணி நேரத்தில் கடந்தன. வேகம் கூடியது ஒரு காரணம். புறப்படும் இடம் வடக்கே நகர்ந்து தொலைவு குறைந்தது மற்றொன்று. 1945 ஜூலையில் கட்டலீனா சேவை முடிவுற்றபோது, 271 முறை கடலைக் கடந்திருந்தும் ஒரு விமானமும் இழக்கப்பட்டிருக்கவில்லை. போர் முடிந்தபின், அமெரிக்காவின் கடன்-குத்தகை ஏற்பாட்டின் நிபந்தனைப்படி அவ்விமானங்கள் ஆஸ்திரேலியக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றேனும் பேணப்படாமற் போனது விமான வரலாற்றுக்கு நேர்ந்த பேரிழப்பாகும்.