தீப்பெட்டி ஆபீஸும் சிறப்புப் பள்ளியும்

தீப்பெட்டிப் பட்டறையிலும் வெடிமருந்துப் பட்டறையிலும் 12 வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் இந்திய அரசு 1938-லேயே சட்டம் போட்டுவிட்டது. 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் அந்த வயதை 14 ஆக்கியது. 1950-இல் அரசியல் சட்டத்தின் 24-ஆம் பிரிவும் அதையே சொன்னது. இத்தனைக்குப் பிறகும் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகள் தீக்குச்சி அடுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட பிள்ளை மறுநாள் காலையில் எங்கே போய் உட்காரும், யார் சோறு போடுவார்கள், அது கொண்டுவந்த கூலிக்கு வீடு என்ன செய்யும்? இந்தக் கேள்விகளோடு அரசு ஒரு பள்ளியைத் திறக்க மேலும் 38 ஆண்டுகள் ஆயின.

இந்த வட்டாரத்துக் கரிசல் மண்ணுக்கும் தீப்பெட்டிக்கும் உள்ள உறவு மழையில் தொடங்குகிறது. சரியாகச் சொன்னால், மழை இல்லாததில். பருத்தியும் கம்பும் சோளமும் வானத்தை நம்பி விளையும் பூமி. மழை பொய்த்தால் வீட்டில் இருப்பவை வேலை தேடும் கைகள் மட்டுமே. தீக்குச்சிக்கும் பட்டாசு மருந்துக்கும் அதே வறண்ட காற்றுதான் வேண்டும். 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். இயந்திரத்தை வரவழைத்துத் தொடங்கிய தொழில் விரைவிலேயே கைவேலைக்கு மாறியது. பெரிய இயந்திர ஆலைகளோடு போட்டிபோட முடியாத சிறு தொழில்களைக் காப்பாற்ற, கையால் செய்யும் தீப்பெட்டிக்கு அரசு கலால் வரியில் சலுகை தந்தது. ஸ்வீடன் முதலீட்டில் ஓடிய விம்கோ தீப்பெட்டி ஆலைகளின் முன்னால் சிவகாசி நிமிர்ந்து நின்றதில் அந்தச் சலுகைக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல நோக்கம்தான். ஆனால் இயந்திரம் செய்திருக்க வேண்டிய வேலையை மலிவான விரல்கள் செய்தால்தான் கணக்கு கட்டுபடியாகும் என்ற நிலையும் அதனோடு வந்தது. விரல்களில் மலிவானவை பிள்ளைகளின் விரல்கள், அதிலும் பெண்பிள்ளைகளின் விரல்கள்.

வேலை எப்படி இருந்தது? வரிவரியாகப் பள்ளம் கீறிய மெல்லிய மரச் சட்டங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி. ஒரு சட்டம் நிறைந்ததும் அதன்மேல் அடுத்த சட்டம், அதன்மேல் அடுத்தது. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கினால் குச்சிகளின் தலைகள் சமமாக நிற்க வேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குட்டையாக இருந்தால் மருந்து முக்கும்போது கெட்டுவிடும். இதற்குக் கட்டை அடுக்குதல் என்று பெயர். எத்தனை கட்டையோ அத்தனை கூலி. வீட்டிலோ வேறு வேலை நடந்தது: அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டுவது. மடிப்புக் கீறிய மெல்லிய மரத்தகட்டை வளைத்து, பசை தடவிய தாளைச் சுற்றி, வெயிலில் காயவைத்து, எண்ணிக் கொடுக்க வேண்டும். 144 பெட்டி ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில். அம்மா ஒட்டினால் பிள்ளை அடுக்கும், பாட்டி தாள் கிழித்துக் கொடுப்பாள். வீடே பட்டறையான இந்த ஏற்பாட்டை நெடுங்காலம் எந்தச் சட்டமும் நெருங்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்.

அந்தப் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். ஆபீஸ் பஸ் விடியுமுன் மூன்று, நான்கு மணிக்கே ஊருக்குள் வந்துவிடும். பிள்ளைகளைச் சேர்த்துவிடும் ஏஜெண்டுக்குக் கமிஷன், பெற்றோருக்கு முன்பணம். முன்பணம் வாங்கிய வீட்டுப் பிள்ளை காய்ச்சல் என்று படுத்துவிட முடியாது. திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். 1976-இல் அப்படிப் பிள்ளைகளை ஏற்றிப்போன பஸ் ஒன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பலர் இறந்த பிறகுதான் மாநில அரசு ஹர்பன்ஸ் சிங் தலைமையில் ஒரு குழுவை அமைத்து, சிவகாசியில் பிள்ளைகள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று முதன்முறையாக முறையாக விசாரித்தது. 1983-இல் ஸ்மிது கோத்தாரி ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரை டெல்லி வரை பேசப்பட்டது. 1990-இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அந்தப் பிள்ளைகளின் முகத்தையும் குரலையும் வெளியே கொண்டுவந்தது. கரிசல் எழுத்தாளர் பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ திரைப்படத்தின் கதையும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பிள்ளைகளின் கதைதான்.

இதில் ஒரு முரண் உறுத்துகிறது. தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு நின்ற விருதுநகர்ச் சிறுவன்தான் பின்னாளில் முதலமைச்சராகி, 1956-இல் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பசிக்குச் சோறு போட்டால் பிள்ளை பள்ளிக்கு வரும் என்பது காமராஜருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயமில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1985-இல் ராமநாதபுரத்திலிருந்து பிரித்த புதிய மாவட்டத்துக்குக் காமராஜர் பெயரையே வைத்தார்கள். அந்தக் காமராஜர் மாவட்டம்தான் அப்போது குழந்தைத் தொழிலாளர் விஷயத்தில் நாட்டின் கண்ணில் முதலில் பட்ட இடம். சிவகாசிப் பிள்ளைக்குச் சத்துணவு கிடைக்கவில்லை என்பதல்ல பிரச்சினை. சத்துணவுக்கு மணி அடிக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளை பள்ளியில் இல்லை.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1987-இல் தேசியக் கொள்கை. அடுத்த ஆண்டு அதன் செயல் வடிவமாகத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், ஆங்கில எழுத்துகளில் சுருக்கி என்.சி.எல்.பி. என்று எல்லோரும் சொன்னது, நாட்டில் ஒன்பது இடங்களில் தொடங்கியது. பிரோசாபாத்தில் கண்ணாடி, அலிகாரில் பூட்டு, மொராதாபாதில் பித்தளை, மிர்சாபூர் - பதோகியில் கம்பளம், ஜெய்ப்பூரில் ரத்தினக்கல். தெற்கே சிவகாசியில் தீப்பெட்டி. மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட ஒரு சங்கம், ஒரு திட்ட இயக்குநர், அவருக்குக் கீழே சிறப்புப் பள்ளிகள்.

சிறப்புப் பள்ளி என்றதும் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு பள்ளிக்கு 50 பிள்ளைகள். பாடம் சொல்ல இரண்டு பயிற்றுநர், தொழில் கற்றுத்தர ஒருவர், கணக்கு எழுத ஓர் எழுத்தர், சமைத்து உதவ ஒருவர். வாடகை இடத்திலும் சமுதாயக் கூடத்திலும் நடந்தவை பல. ஆனால் அந்தச் சிறிய ஏற்பாட்டுக்குள் வழக்கமான பள்ளி யோசிக்காத பலவற்றைச் சேர்த்திருந்தார்கள். பத்து வயதுப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் ஆறு வயதுக் குழந்தைகளோடு உட்காரக் கூச்சப்படும்; ஆகவே வயதுக்கேற்ற வேகத்தில் விட்டதைப் பிடிக்கும் பாடம். மதிய உணவு. 20 பள்ளிக்கு ஒரு மருத்துவர், மருந்துப் புகையில் இருந்து வந்த பிள்ளையின் தோலையும் கண்ணையும் நெஞ்சையும் பார்க்க. எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் 100 ரூபாய் உதவித்தொகை. இரண்டு, மூன்று ஆண்டில் பிள்ளையைத் தயார்செய்து பக்கத்து அரசுப் பள்ளியில் உரிய வகுப்பில் சேர்ப்பதோடு இந்தப் பள்ளியின் வேலை முடியும்.

வேலை செய்து பழகிய பிள்ளையை வகுப்பறையில் உட்காரவைப்பது எளிதல்ல. கட்டை அடுக்குவதில் பெரியவர்களை முந்தும் பிள்ளைக்குச் சிலேட்டில் ‘அ’ போட வராது. கையில் காசு புழங்கியது நின்றுபோனதும் எரிச்சல் வரும். ஒரு வாரம் வராவிட்டால் வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவது வழக்கமான பள்ளியின் முறை. சிறப்புப் பள்ளியில் பெயரை அடித்தால் பள்ளியே இல்லை. ஆகவே பயிற்றுநர் வீடு தேடிப் போக வேண்டும். பிள்ளை ஆபீஸுக்குத் திரும்பிவிட்டதா, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்களா, முன்பணக் கடன் பாக்கியா என்று விசாரித்து, அப்பாவிடமோ ஏஜெண்டிடமோ பேச வேண்டும். பாடம் சொல்வதில் பாதி இந்தத் தெருச் சுற்றல்தான். பத்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் இதற்கு அவர்களுக்குக் கிடைத்த மதிப்பூதியம் மாதம் 1,500 ரூபாய்.

உதவித்தொகையின் கதை இன்னும் விசித்திரம். 100 ரூபாயைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் போட வேண்டும், வழக்கமான பள்ளியில் சேர்ந்த பிறகுதான் எடுக்கலாம் என்று பிற்பாடு விதியை மாற்றினார்கள். அப்பா குடித்துத் தீர்த்துவிடுவார் என்ற பயமும், பிள்ளை பாதியில் நின்றுவிடும் என்ற பயமும் காரணம். அதிகாரியின் பார்வையில் நியாயம். ஆனால் வாரக் கடைசியில் ஆபீஸ் கூலியை எதிர்பார்த்து மளிகைக்கடையில் கடன் சொல்லியிருந்த அம்மாவுக்கு, இரண்டு ஆண்டு கழித்து வரும் பணம் எந்த வகையில் பதில்? உதவித்தொகையின் நோக்கமே இழந்த கூலிக்கு ஈடு என்பதுதான். அந்த ஈட்டையும் பூட்டிவைத்தது இத்திட்டத்தின் பெரிய பலவீனங்களில் ஒன்று. இதே தொகை பின்னர் 150 ஆகி, 2017-இல்தான் 400 ஆனது.

இந்தப் பள்ளிகள் தேவையா என்றே கேட்டவர்களும் உண்டு. அமெரிக்க அரசியல் அறிஞர் மைரன் வீனர் 1991-இல் இந்தியக் குழந்தைகளைப் பற்றி எழுதிய நூலில் வறுமையைக் குற்றவாளியாக்க மறுத்தார். இந்தியாவைப் போலவே ஏழையாக இருந்த நாடுகள் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தன. இங்கே அதிகாரிகளும் படித்த நடுத்தர வர்க்கமும் ஏழைப் பிள்ளை வேலை செய்வதுதான் இயல்பு என்று நம்புகிறார்கள் என்பது அவர் வாதம். அவர் சொன்னதற்குச் சான்று நீதிமன்றத்திலேயே கிடைத்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் 1990 அக்டோபரில் வந்த முதல் தீர்ப்பு, மருந்து புழங்கும் இடத்தில் பிள்ளைகள் கூடாது என்றது. ஆனால் தள்ளி இருக்கும் இடத்தில் பெட்டி அடைக்கலாம், பெரியவர்கள் கூலியில் குறைந்தது 60 சதவீதம் கொடுங்கள் என்றும் சொன்னது. பிள்ளையின் வேலையை உச்ச நீதிமன்றமே விலைப்படுத்திய தருணம் அது.

ஆறு ஆண்டு கழித்து, 1996 டிசம்பர் 10 அன்று, அதே மேத்தா வழக்கில் நீதிமன்றத்தின் தொனி மாறியது. ஆபத்தான வேலையில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்த வீட்டில் ஒரு பெரியவருக்கு வேலை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். முடியாவிட்டால் 5,000 ரூபாய் போட வேண்டும். இந்தத் தொகைகளின் வட்டி, பிள்ளை பள்ளிக்குப் போகும்வரை குடும்பத்துக்கு. பிள்ளையின் இடத்தில் பெரியவரை வைப்பது என்ற யோசனை மட்டும் சரியாக நடந்திருந்தால் சிறப்புப் பள்ளியின் பாதி வேலை குறைந்திருக்கும். நடைமுறையில் ஆய்வாளர் வருவதற்குள் பிள்ளைகள் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள், குச்சியும் பெட்டியும் வீட்டுத் திண்ணைக்கு மாறின. வீட்டுத் தொழில் 1986 சட்டத்தின் விதிவிலக்கில் பத்திரமாக இருந்தது.

இதற்கிடையில் 1994 சுதந்திர தின உரையில் பிரதமர் நரசிம்மராவ் 20 லட்சம் பிள்ளைகளை ஆபத்தான வேலைகளிலிருந்து மீட்பதாக அறிவித்ததும் திட்டம் மற்ற மாவட்டங்களுக்குப் பரவியது. தமிழ்நாட்டில் பீடி சுற்றும் வேலூர் உட்படப் பல மாவட்டங்களில் சிறப்புப் பள்ளிகள் வந்தன. 2004 வாக்கில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் துணையோடு வந்த ‘இண்டஸ்’ திட்டம் விருதுநகர், நாமக்கல், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகிய ஐந்து மாவட்டங்களில் நடந்தது.

இன்று கரிசல் ஊர்களில் விடியற்காலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து வயதுப் பிள்ளைகளைப் பார்ப்பது அரிது. அந்தப் பெருமை முழுவதையும் சிறப்புப் பள்ளிக்குக் கொடுக்க முடியாது. சத்துணவு, பக்கத்திலேயே அரசுப் பள்ளி, இலவசப் பாடநூல், சைக்கிள், வீட்டில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது, தீப்பெட்டித் தொழிலுக்கு இயந்திரம் வந்தது, வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் பொருளை வாங்குகிறவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கியது எல்லாமே சேர்ந்துதான் அந்த மாற்றம். சிறப்புப் பள்ளி செய்தது, வயது தாண்டிப்போன, எந்த வகுப்பிலும் பொருந்தாத பிள்ளைகளுக்கு ஒரு வாசலைத் திறந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வாசல் இருக்கவில்லை. ஆனால் அந்த வாசல் 14 வயதோடு மூடியது. தென் மாவட்டங்களிலிருந்து மேற்கு மாவட்ட நூற்பாலைகளுக்குத் திருமணத் தொகை என்ற வாக்குறுதியோடு மூன்றாண்டு ஒப்பந்தத்தில் போன பதின்வயதுப் பெண்களை அது எட்டவில்லை.

2010-இல் கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு இந்தப் பள்ளிகளுக்குச் சிறப்புப் பயிற்சி மையம் என்று பெயர் மாறியது. ஒன்பது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் அங்கே. அதற்கும் சிறியவர்கள் நேராக அரசுப் பள்ளிக்கு. 2016 சட்டத் திருத்தம் 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்றது. பள்ளி நேரத்துக்குப் பிறகு, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கை விட்டுவைத்தது.  2022 மார்ச் மாதத்தோடு தனித் திட்டமாக நடந்த என்.சி.எல்.பி. முடிந்து, பள்ளி செல்லாப் பிள்ளைகளின் பொறுப்பு கல்வித் துறையின் ‘சமக்ர சிக்ஷா’வுக்குப் போனது. மாவட்ட ஆட்சியரின் மேசையில் இருந்த கோப்பு துறை மாறியது. மதிப்பூதியத்தில் இருந்த பயிற்றுநர்களுக்குத் திட்டத்தின் முதல் நாளிலிருந்தே நிரந்தரப் பணி என்பது கிடையாது. 1,500 ரூபாய் காலத்திலிருந்து ஊர் ஊராய்ச் சுற்றி, எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எதனால் நின்றது என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். புதிய ஏற்பாட்டில் அவர்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை.